பாஸ் வைத்திருப்பவர்களின் கடல்

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம், அப்பாவைத் தவிர. அவர் கால்களில் முழங்கால்வரை கொப்புளம். மருந்து தடவினால், "உப்புத்தண்ணி பட்டதுதாம்மா, காஞ்சா சரியாயிடும்" என்கிறார். அது உப்புத்தண்ணீர் இல்லை.

மனையை நீ ஓட்டலுக்கு விற்றதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதை ஒட்டிக் கடலுக்குப் போகும் சந்து ஊருடையது. அதையும் வளைத்து கேட் போட்டுவிட்டார்கள். நீ சொல்லி வாங்கித்தந்த பாஸ் நம் வீட்டுக்கு மட்டும். அப்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் குளிக்கப் போனார். கேட்டுக்கு வெளியே நின்ற மீன்கார அக்கா, "பெரியவரே, கடல் உங்களுக்கு மாமியார் வீடாயிடுச்சு போல!" என்றாளாம். அதிலும் அவருக்குப் பெருமை.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். ஓட்டலில் தங்கியவர்கள் அத்தனை பேரும் நீச்சல்குளத்தில். கடலில் அப்பா மட்டும். பக்கத்துப் பாறைக்கு அடியில் ஓட்டலிலிருந்து வரும் ஒரு குழாய். எச்சில் எண்ணெய், சோப்பு நுரை, எழுதக் கூசுகிறது, கக்கூஸ் கழிவு. கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு எதுவும் தெரியாது; மூக்கும் மந்தம். அதற்குள்ளேயே மூழ்கி எழுந்து வாய் கொப்பளித்தார். நேரே கேட்டுக்குப் போய்க் காவலாளியிடம் குழாயைக் காட்டினேன்.

காவலாளி கொட்டாவி விட்டபடி, "யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானேக்கா கேட்டே போட்டாங்க" என்றான். மேலாளர் இன்னும் ஒரு படி மேல். "அப்பாவை நம்ம குளத்துலயே குளிக்கச் சொல்லுங்க மேடம், பாஸை மாத்தித் தரேன்" என்று சிரித்தார். பாஸை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். "எம் புள்ள வாங்கிக் குடுத்ததைத் திருப்பிக் குடுக்க நீ யாரு?" என்று கேட்ட அப்பா, அதன்பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த மாதம் அந்தக் கேட்டைப் பற்றி நகராட்சியில் விசாரணை. அந்தச் சந்தும் உன்னிடமிருந்து வாங்கியதுதான் என்று ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவன் நீ. "நமக்குத்தான் பாஸ் இருக்கே, எதுக்கு வம்பு" என்றாய் போனில். அந்த வார்த்தையும் எனக்கு அந்தத் தண்ணீர் மாதிரியே நாறியது.

குழாயைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், எதில் வாய் கொப்பளித்தோம் என்பதோடு, யார் கொடுத்த பாஸ் என்பதையும் யோசிப்பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. வரும்போது அவருக்குச் சட்டை, சென்ட் எதுவும் வாங்கி வராதே. விசாரணைக்கு வா, அது போதும்.

உன் தங்கை