மணல்மேட்டில் ஆறு தடவை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன்.

எங்கள் விடுதிக்குப் பின்னாலேயே பாலைவனம். இரண்டு வருடமாக ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. போன விடுமுறையன்று காலை, எங்களோடு தங்கியிருக்கும், கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவரை இழுத்துக்கொண்டு மணல்மேடு ஏறினேன். ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் ஒரு மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர்.

உச்சியில் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே கீழே வரை சறுக்கிவிட்டேன்.

"அடிபட்டுச்சாடா?" என்று பதறினார்.

"இல்லண்ணே, ஜோரா இருக்கு, நீங்களும் வாங்க!"

ஐம்பது வயது மனிதர், கூவிக்கொண்டே சறுக்கி வந்தார். ஆறு தடவை ஏறி இறங்கினோம். சிரித்து வயிறே வலித்தது.

என் பேண்ட்தான் பின்னால் கிழிந்துவிட்டது. ஊசி அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், நீ நூல் கோத்து அனுப்பினால் நல்லது.

வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகன்