குக்கரில் வைக்காத கஞ்சி

சம்பந்தி,

இன்று காலை ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தைத் தேடியபோது, அடியில் நீங்கள் அனுப்பிய பை கையில் தட்டுப்பட்டது. வெள்ளை மக்காச்சோளக் குருணை, உங்கள் ஊரில் கஞ்சியாகக் காய்ச்சுகிற கிரிட்ஸ். ரப்பர் பேண்டைக் கழற்றியதும் மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி வாசனை வந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே!

உங்களை அடக்கம் செய்துவிட்டு ஜார்ஜியாவிலிருந்து திரும்பியதிலிருந்து காயத்ரி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மாப்பிள்ளை அங்கேயே தங்கிவிட்டார். பேத்தியை ப்ரீஸ்கூலில் விட்டுவிட்டு நான் வந்தால், என் மகள் சோபாவில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் முன்னமே ஒருதரம் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டேன். வேக நேரமாகும். நடுநடுவே கிளறிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

பேத்தி பிறந்தபோது டெக்சஸில் காயத்ரியின் இதே சுகர் லேண்ட் வீட்டில் நாம் இரண்டு பேரும் இருந்தோம். நான் முந்திக்கொண்டு வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், குழைந்த சோறு என்று பத்தியச் சமையல். பிள்ளை பெற்றவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் சூட்கேஸிலிருந்து இதே மாதிரி ஒரு சின்னப் பையை எடுத்து மேடைமேல் வைத்தீர்கள். மக்காச்சோளம் வாயு, பால் குடிக்கிற குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லி அதை ஃப்ரீசருக்குள் தள்ளினேன். நீங்கள் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், சண்டைக்காரர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தைத் துணியை மடிக்க உட்கார்ந்தீர்கள். அப்புறம் அடுப்படிப் பக்கமே வரவில்லை. உங்களுக்கும் வீம்பு குறைச்சலில்லை.

ஆனால் நான் கொண்டுபோன தட்டு போனபடியே திரும்பி வந்தது. காயத்ரி குழந்தையை வாங்குவாள், பால் கொடுப்பாள், திருப்பித் தந்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். பேச்சே கிடையாது. கண்ணு, ரெண்டு வாய் சாப்புடு சாமி என்று கெஞ்சினால் தலையை மட்டும் ஆட்டுவாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கேட்க நாளாகும், அதுவரை எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். அந்த எப்படியாவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இவள் இப்படியே போய்விடுவாளோ என்று பயந்து செத்தேன்.

ஒரு காலை, நீங்களும் மாப்பிள்ளையும் மருந்துக் கடைக்குப் போயிருந்தீர்கள். தட்டை எடுக்கப் போன என்னிடம் அவள் பேசினாள்.

"அம்மா, கேன் ஐ ஹாவ் சம் கிரிட்ஸ்?"

காலேஜ் லீவுக்கெல்லாம் மாப்பிள்ளையோடு உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பழகியவள். அவளாக வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு. என் சமையலைக் கேட்கவில்லையே என்று சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஓடினேன். பையைப் பிரித்துப் பார்த்தால் ரவை மாதிரி இருந்தது. ரவை கிண்டத் தெரியாதா எனக்கு? எல்லோருக்கும் ஆகட்டும் என்று பை முழுவதையும் கொட்டி, நெய்யில் வறுத்து, ஒன்றுக்கு இரண்டரை வெந்நீர் ஊற்றிக் கிண்டினேன். பொலபொலவென்று அழகாக வந்தது. காயத்ரி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். மணலை மெல்லுகிற மாதிரி நறநறவென்ற சத்தம் எனக்கே கேட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தீர்கள், காலிப் பையையும் பார்த்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நின்றேன். அவளே கேட்டாளா என்று மட்டும் கேட்டீர்கள். ஆமாம் என்றதும், ஷூவைக்கூடக் கழற்றாமல் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள்.

மாப்பிள்ளையைக் குழந்தையோடு விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம், கேட்ட பசி மரத்துப்போவதற்குள் திரும்ப வேண்டும். ஃப்ரீவேயில் அன்று நான் ஓட்டிய ஓட்டத்துக்கு போலீஸிடம் அபராத டிக்கெட் வாங்காதது அதிசயம். கடையில் இன்ஸ்டன்ட் என்று போட்ட டப்பாவைப் பாய்ந்து எடுத்தேன். வெந்நீர் ஊற்றினால் போதுமாமே! பிடுங்கித் திரும்ப வைத்தீர்கள். நீங்கள் இழுத்து இழுத்துப் பேசுகிற இங்கிலீஷ், டெக்சஸில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் பாதிதான் புரியும். அன்று அத்தனையும் புரிந்தது. இன்ஸ்டன்ட் ஏற்கனவே வேகவைத்துக் காயவைத்தது, அதில் ருசி மிச்சமிருக்காது. குவிக் என்று போட்டது சீக்கிரம் வேகிற ரகம், வேறு வழியில்லாத நாளுக்கு. பக்கத்தில் மஞ்சளாக இருந்த பொலெண்டா இத்தாலிக்காரர்கள் சமையல். முட்டிவலியோடு குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். கல்லில் அரைத்த வெள்ளைக் குருணை, நடுநடுவே கறுப்புப் புள்ளி. புள்ளி இருக்க வேண்டும், முளை அதில்தான், ருசியும் அதில்தான், அதனால்தான் ஃப்ரீசரில் வைக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும் என்றீர்கள். என் கண்ணுக்குப் பூச்சி விழுந்த ரவை மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கரண்டியை என்னிடமே கொடுத்தீர்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பங்கு குருணைக்கு நாலு பங்குக்கு மேலேயே தண்ணீர். குருணையைக் கொட்டியதும் மிதந்து வந்த உமியை அரித்து எடுத்தோம். உப்பு ஆரம்பத்திலேயே போட வேண்டும். கொதிக்கும்வரை கை ஓயாமல் துழாவி, அப்புறம் தீயைச் சின்னதாக்கி மூடி, அடிக்கடி அடிவரை கிளற வேண்டும். எவ்வளவு நேரம் என்றேன். ஒரு மணி நேரம் என்றீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குக்கரில் மூன்று விசில் விட்டால் முடிந்ததே, அதற்குள் அவள் பசி போய்விடுமே என்று கத்தினேன். குக்கரை வெளியே எடுத்தும்விட்டேன். நீங்கள் அடுப்புக்கு முன்னால் வந்து நின்று, தீயைக் கூட்டப் போன என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வலித்தது.

"வாசனை அவளிடம் போகட்டும், வருவாள்," என்றீர்கள். பிறகு குரலை இறக்கி, "என் பிள்ளை பிறந்தபோது நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அவசர அவசரமாக எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்."

நான் குக்கரைத் திரும்ப உள்ளே வைத்தேன். பாத்திரம் குப் குப்பென்று கொதித்து என் மணிக்கட்டில் தெறித்தது. பச்சை வாடை போய், சோளம் வெந்த வாசனை கிளம்பி வீடெல்லாம் பரவியது. நீங்கள் வெண்ணெயைப் போடும்போது கதவு திறந்தது. காயத்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரக்கூட இல்லை, மேடையில் சாய்ந்தபடியே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். நீங்கள் மட்டும் பாத்திரம் காய்ந்து போய்விடும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள்.

அந்த ஒரு கிண்ணத்தில் அவள் குணமாகிவிடவில்லை. மாத்திரை வேலை செய்தது, நாளும் ஆனது. ஆனால் அன்றிலிருந்து அடுப்படியில் இரண்டு பேர் நின்றோம். ஊருக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் போன் செய்வீர்கள். குக்கரை ஒளித்துவைத்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. நான் அனுப்பிய ரசப்பொடியை முட்டை மேல் தூவிச் சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். அந்த அநியாயத்தையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போதே இரண்டு தடவை என் கை தீயைக் கூட்டப் போனது. இழுத்துப் பிடிக்க ஆளில்லை, நானேதான் எடுத்துக்கொண்டேன். காயத்ரியைக் கூப்பிடவும் இல்லை. கிளறிக்கொண்டே நின்றேன். வெண்ணெய் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனபிறகு காலடிச் சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்படியே இருந்தாள்.

"இட்ஸ் நாட் லைக் ஹெர்ஸ், அம்மா."

முன்னால் என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும்.

"இல்லைதான் கண்ணு," என்றேன்.

மறுபடி ஸ்பூனை எடுத்தாள். இப்போது கிண்ணம் பாதிக்குமேல் காலி. சாப்பிடுகிறாள், சம்பந்தி. இந்த நேரத்தில் போன் போட்டுச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.