கொடிக்கும் சுவருக்கும் நடுவே

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தையல் மிஷின் மூவரும் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே நின்றுகொண்டே விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் எனக்கு முன்னாலேயே தெரியும். பஸ்ஸில் ஏறும்போதே எல்லோர் முன்னாலும், “இன்னைக்கு ஏதோ ஒண்ணு எங்கேயோ முட்டப் போகுது, எழுதி வச்சுக்கோங்க” என்று சொன்னேன், ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. உன் அம்மா இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டு, அது பஸ்ஸைப் பற்றிச் சொன்னது, டிரைவர் பின்பக்கமாக எடுத்தபோது சொன்னது என்கிறாள். முட்டியதா இல்லையா, அதுதானே பேச்சு. போனில் சொல்லலாமென்றால் நீ எடுத்ததும் “அப்பா, சுருக்கமா சொல்லுங்க” என்கிறாய், இது சுருக்குகிற விஷயம் இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அத்தை மகள், நாம் வாத்து என்று கூப்பிடுகிறவள், பிராந்திய விளையாட்டுப் போட்டிக்கு மல்லாந்து நீந்துகிற நூறு மீட்டரில் தேர்வானது உனக்குத் தெரியும், நீ அனுப்பிய கண்ணாடியைத்தான் மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் மூன்று பேருக்குள் வந்தால் நேராக தேசிய முகாம், அங்கேயே தங்கிப் படிப்பு, சாப்பாடு, எல்லாம். அவளுடைய நேரத்துக்கு இரண்டாவது இடம் கண்ணை மூடிக்கொண்டு வரும் என்று கோச்சே சொல்லியிருந்தார். நான் முதலிடம் என்று சொல்லி வைத்திருந்தேன், தெரு முழுக்க. மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு வானம்தான் தெரியும், சுவர் தெரியாது, அதற்காகத்தான் குளத்தின் இரண்டு முனையிலும் தண்ணீருக்கு மேலே குறுக்காக முக்கோணக் கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி கண்ணில் பட்டதும் கையை எண்ண ஆரம்பிக்க வேண்டும், இத்தனை கை போட்டால் சுவர் என்று கணக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வாத்து ஒரே ஒரு தடவை சொன்னாள், மீதியை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தவன் என்று உன் மாமா என்னை இன்னும் சொல்லிக்காட்டுகிறார், அவர் முழுசாகப் படித்து என்ன கண்டார்.

வாத்து பழகுகிற நம் ஊர்க் குளத்துக் கொடி அடித்த காற்றில் கிழிந்து போனது, புதுசு யார் தைத்தது என்று உனக்கு எழுதினேனா இல்லையா ஞாபகமில்லை. நான்தான். லாரிக்குப் போடுகிற தார்ப்பாயில் வெட்டி, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாக, இந்த உலகத்தில் எந்தக் குளத்திலும் இப்படிக் கொடி கிடையாது. கோச்சு அப்போது ஏதோ பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருந்தார். பழைய கம்பங்கள் அடியில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தன, அதில் கட்டினால் என் தையலுக்கு என்ன மரியாதை. நான்கு மூலையிலும் நான்கு விளக்குக் கம்பம் சும்மா நிற்கிறதே என்று அவற்றில் கட்டினேன், யானையைக் கட்டினாலும் அசையாது. கோச்சு திரும்பி வந்து அண்ணாந்து பார்த்து “சூப்பர்ண்ணே, கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்றார். அதே மனுஷன் அடுத்த மாதத்திலிருந்து நம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். “கொடியிலேர்ந்து சுவருக்கு முன்னே போட்டதைவிட ஒரு கை கூடுதலா போடுற, உன் வீச்சு சுருங்கிப் போச்சு, ஒழுங்கா நீட்டு” என்று தினமும் அதே பாட்டு. அவளும் தோளில் ரப்பர் கயிற்றைக் கட்டி இழுத்து இழுத்துப் பார்த்தாள், அந்த ஒரு கை குறையவே இல்லை. கடைசியில் அந்தக் கூடுதல் கையையே பழகிக்கொண்டாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிற ஆளிடம் என்ன நியாயம் கேட்பது.

போட்டி நாளன்று எரிச்சல் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. டிரைவர் மைதானத்தின் தப்பான வாசலில் இறக்கிவிட்டான், அது குத்துச்சண்டைக்காரர்கள் வாசல், அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனால் பெரிய குளத்தில் உடம்பைச் சூடாக்குகிற நேரம் முடிந்துவிட்டது என்று கயிறு கட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் குளம், கொடியும் கிடையாது ஒன்றும் கிடையாது, அதில் இரண்டு சுற்றுப் போய்விட்டு வந்தாள். எட்டே பேர்தான் வந்திருந்ததால் தகுதிச் சுற்று இல்லை, நேராக இறுதிப் போட்டி. இருபதாயிரம் பேர் கூட்டம். உன் அம்மா எண்ணூறு என்கிறாள், அவள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருப்பாள். எனக்கு முன்னால் ஒருத்தர் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், கூரை போட்ட குளத்தில் குடை எதற்கு என்று கேட்டால் “ஏசி காத்து ஒத்துக்காது சார்” என்கிறார். ஒலிபெருக்கியில் நம் பிள்ளை பெயரை ஆம்பளைப் பெயராக வாசித்தார்கள். உன் மாமா போனை நீட்டிப் படம் எடுத்தார், பிறகு பார்த்தால் முழுக்க அவருடைய கட்டைவிரல்.

ஆனால் நீந்தினாள் பார், அப்படி ஒரு நீச்சல். தண்ணீரை வெட்டிக்கொண்டு போகவில்லை, தண்ணீரே அவளைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. திரும்ப வேண்டிய முனையை நெருங்கும்போது அரை உடம்பு முன்னால், இதை உன் அம்மாகூட ஒத்துக்கொள்கிறாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று “போ வாத்து, போ” என்று கத்தினேன், குடைக்காரரும் கத்தினார், யாரென்றே தெரியாமல். கொடியைத் தாண்டினாள், இன்னும் ஒரு கை பாக்கி என்று மல்லாந்தே வந்தாள், அங்கே சுவர் இருந்தது. மண்டை இடித்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தொப்பி கழன்று தனியாக மிதந்தது. ஒரு விநாடி அவள் அப்படியே நின்றுவிட்டாள், தலையைப் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத மாதிரி. பிறகு சுவரை உதைத்துத் திரும்பி முடித்தாள், விடவில்லை, ஏழாவதாக வந்தாள். நான் அதற்குள் கீழே இறங்கிவிட்டேன். கயிற்றைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, நேராகத் தலைமை நடுவர் மேஜைக்குப் போய் “உங்க கொடி தப்பு, டேப்பை எடுங்க” என்றேன். கோட்டு போட்ட ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். என் தையல் டேப்பையே எடுத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்து அளந்து காட்டினேன், ஐந்து மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழம் குறைவு. தலைமை நடுவர் தலையைக் குனிந்துகொண்டு “மன்னிச்சிடுங்க ஐயா, ஆனா முடிவை மாத்த முடியாது” என்றார். இப்படித்தான் நம்மைத் தோற்கடித்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னேன், இறங்கியதும் தெருவில் சொன்னேன், கேட்டவர்கள் எல்லாம் கொதித்துப் போனார்கள்.

இப்போது உன் அத்தை வீட்டு நிலவரம். மண்டை வீக்கம் வடிந்துவிட்டது, டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார், நீ எக்ஸ்ரே அது இது என்று ஆரம்பிக்காதே. வீங்கியிருக்கிறது வேறு இடம். கோச்சு எல்லோர் முன்னாலும் “பயந்துட்டா, எண்ணிக்கையை விட்டுட்டா, பெரிய கூட்டத்துக்கு இவ சரிப்பட மாட்டா” என்று சொல்லிவிட்டார், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். குளத்துப் பக்கமே போவதில்லை. நீச்சல் பை அத்தையின் சலவைக் கடையில் ஆணியில் தொங்குகிறது, அவள் அதற்குக் கீழே உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் சட்டையை மடிக்கிறாள். உன் அத்தை என்னிடம் வந்து “அண்ணே, அவ பேசினா சண்டை போடலாம், பேசவே மாட்டேங்கிறாளே” என்று அழுகிறாள். அடுத்த மாதம் இன்னொரு தேர்வுப் போட்டி இருக்கிறது, தேசிய முகாமுக்கு அதுதான் கடைசிக் கதவு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நான் போய் மன்றாடினேன். “எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு மாமா நீச்சல்?” என்றாள், மடித்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன் தப்பில்லை, அவர்கள் கொடிதான் தப்பு, மாமா அளந்தேனே என்றேன். அதற்கு அவள் “அப்ப மத்த ஏழு பேரும் எப்படி மாமா முட்டாம திரும்பினாங்க?” என்றாள். அவர்கள் எல்லாம் குட்டைக் கைக்காரர்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மிஷினில் உட்கார்ந்தால் ஊசிக்குப் பக்கத்தில் அதுவும் உட்காருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நம் குளத்துக்குப் போனேன், டேப்போடு. விளக்குக் கம்பத்திலிருந்து சுவர் வரைக்கும் அளந்தேன். ஐந்து மீட்டர் இல்லை, கிட்டத்தட்ட ஆறு. அந்தப் பக்கமும் அளந்தேன், அங்கேயும் ஆறு. ஒரு கை கூடுதல். விளக்குப் போட வந்தவன் வெளிச்சத்துக்காக நட்ட கம்பம், அவனுக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம். அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன். வீச்சும் சுருங்கவில்லை, பயமும் இல்லை, எண்ணிக்கையையும் விடவில்லை, நம் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள், நான் கட்டிய கொடியை எண்ணியிருக்கிறாள். அப்படியே கடைக்கு ஓடினேன், மூச்சு வாங்க அவளிடம் சொன்னேன், நம்ம கொடிதான் தப்பு, நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று. அவள் என்ன செய்தாள் தெரியுமா, சிரித்தாள். போட்டிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். “போங்க மாமா. அங்கேயும் அளந்தீங்க, அவங்க கொடி தப்புன்னீங்க. இங்கேயும் அளந்தீங்க, நம்ம கொடி தப்புங்கிறீங்க. நான் அழக்கூடாதுன்னு நீங்க எதை வேணும்னாலும் அளப்பீங்க” என்றாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். கோச்சிடம் போனால் அவரும் “உங்க கதை எனக்குத் தெரியாதாண்ணே” என்று விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார், வந்து அளந்து பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார். வாழ்க்கையில் ஒரு நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன், அதை வாங்க ஆளில்லை.

அதனால் மகளே, இந்தத் தாளைத் தனியாக எழுதுகிறேன், பின்பக்கம் எதுவும் எழுதவில்லை, நீ படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வசதியாக இருக்கும். அனுப்பிவிட்டு நீயே போன் போட்டுப் பேசு. உன் பேச்சை அவள் நம்புவாள், நீ பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை, அது உன் அம்மா பக்கத்திலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. நான் பழைய கம்பங்களின் அடியைப் பற்றவைத்து நிறுத்திவிட்டேன், ஐந்து மீட்டரில், உன் அம்மா டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள், அவளைச் சாட்சிக்கு வைத்துக்கொள். வாத்து வந்து ஒரே ஒரு தடவை அந்தக் கொடிக்குக் கீழே எண்ணிப் பார்க்கட்டும், அவளுடைய பழைய எண்ணிக்கை அங்கேயே இருக்கும். நீ உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, நீ நினைத்ததெல்லாம் நடந்து நூறு வயது நன்றாக இருக்க அப்பாவின் ஆசி. அவளுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, இது அவள் படிக்க வேண்டியது. போட்டி அன்றைக்கு நான் கயிற்றைத் தாண்டவில்லை. காவலாளி கையை நீட்டியதும் நின்றுவிட்டேன். டேப்பு அன்றைக்கு வீட்டில் மிஷின் மேல் இருந்தது. அவர்கள் கொடியை நான் அளக்கவே இல்லை, வாத்து.

இப்படிக்கு, எதுவும் சேர்க்காமல்,
அப்பா, உன் மாமா