புரட்டாசியில் ஒரு மட்டன் பெரட்டல்

புலாவ் செபாங், மலாக்கா
புரட்டாசி, சனிக்கிழமை மாலை

என் அன்பு ரெனீ அக்காவுக்கு,

தங்கை கிளாரிசா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். ஜோகூரில் நீங்களும் தேவன் மாமாவும் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவைக்குப் பிறகு எவ்வளவோ தேவலை. ஆனால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. அதனால் கடை அடுப்பு இப்போது என் பொறுப்பு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். அம்மாவின் போனை என் காதில் வைத்தால் நான் என்ன பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். "ம்", "சரிக்கா", "சாப்ட்டேன்க்கா". அதற்குள் அம்மா வாங்கிக்கொள்வார். இன்று நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

நீங்கள் உண்டாகியிருக்கும் செய்தியை அம்மா இதுவரை அப்பாவிடம் சொல்லவே இல்லை. உங்கள் கல்யாணத்திலிருந்தே, உங்கள் பெயரை எடுத்தால் அவர் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விடுகிறார். நம் வேன் அளவுக்குப் பளபளப்பான வேன் புலாவ் செபாங்கில் வேறு இல்லை. பிள்ளை பிறப்பதற்குள் அப்பா உங்களிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்றுதான் நானும் அம்மாவும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், அதே மரத்தடியில்தான் மதியச் சாப்பாடு விற்கிறோம். அப்பா பொட்டலம் கட்டுவார், பேசுவார், சிரிப்பார். நான் பின்னால் நின்று கிளறுவேன். பேசாமல் நிற்பதில் ஒரு நன்மை உண்டு அக்கா, மற்றவர்களை நன்றாகப் பார்க்கலாம். சாப்பாடு வாங்க வருகிறவர்கள் முதலில் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தானாக வந்து நிற்கிறார். யாரும் நிற்காவிட்டால், ஏதோ கெட்டுப்போனதை விற்கிறோம் என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரே குழம்பைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் "காலையில செஞ்சதா?" என்று கேட்பார்கள். எவர்சில்வர் குண்டானில் வைத்தால் கேட்பதே இல்லை. கிளினிக்கில் வேலை செய்யும் தாரணி அக்கா வெண்டைக்காயைத் தினமும் முகர்ந்து பார்த்துவிட்டு, தினமும் கத்தரிக்காயைத்தான் வாங்குவார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புரட்டாசி வந்தால் இதெல்லாம் தலைகீழ். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள், அந்த மாதம் முழுக்கச் சைவம். சைவம் சமைத்தாலும் நம்மிடம் வாங்கத் தயக்கம். வேன் கண்ணாடியில் தொங்கும் சிலுவையைப் பார்ப்பார்கள், பிறகு குண்டானைப் பார்ப்பார்கள். "நேத்து இதுலதான மாடு வெந்துச்சு?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். நாம் கடையில் மாட்டிறைச்சி சமைத்ததே இல்லை. வீட்டில் சாப்பிடுவதை வைத்துக் கேட்கிறார்கள். எல்லாரும் எதிர்ப்பக்கம் ராமையா அங்கிள் கடைக்குப் போனார்கள். அவர் நெற்றியில் நாமம், கடையில் பெரிய பெருமாள் படம்.

இந்த வருஷம் அம்மா புதுக் குண்டான்கள், புதுக் கரண்டிகள் வாங்கினார். அவற்றில் முட்டைகூடப் படக்கூடாது என்று சட்டம் போட்டார். காய்கறி கொண்டுவரும் நாகமுத்து அண்ணன், நாமும் ஒரு சாமி படம் மாட்டினால் வியாபாரம் தானாக வரும் என்று அப்பாவிடம் யோசனை சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாருன்னு மறைச்சுத்தான் சோறு விக்கணுமா?" என்று கேட்டார். நாகமுத்து அண்ணன் முருங்கைக்காயை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சீனர்களின் சைவப் பொருள் கடையில் சோயாவில் செய்த சைவ மட்டன் உறைய வைத்து விற்கிறார்களே, அதில் பெரட்டல் செய்தால் என்ன? புரட்டாசியில் எல்லாருக்கும் கறி ஞாபகம்தானே இருக்கும். துண்டுகளைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போட்டேன். அம்மாவின் மட்டன் மசாலாவையே வறுத்து அரைத்து, தேங்காய்ப் பல் போட்டு, கறுக்கும் வரை பிரட்டினேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "அடியே, இதுல ஆடு கத்துதுடி" என்று சிரித்தார். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. போன சனிக்கிழமை, பள்ளி பஸ் ஓட்டும் புவனேஸ்வரன் அண்ணன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அவரை உங்களுக்குத் தெரியும், வருஷம் முழுக்க நம் கடை மட்டனுக்காகவே பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்துகிறவர். சற்று நேரத்தில் பாதி தின்ற பொட்டலத்தோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"இது நெஜக் கறிலா! வருஷம் பூரா திங்கிறேன், எனக்குத் தெரியாதா? அதே ருசி, அதே நாரு. பாதி சாப்ட்டேன்லா, பெருமாளுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" என்று கத்தினார்.

அப்பா வேனிலிருந்து காலிப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "பாக்கெட்ட எங்கேருந்து வேணா எடுத்துட்டு வரலாம்லா" என்று யாரோ சொன்னார்கள். கையில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொருவராக மேசைமேல் வைத்தார்கள். தாரணி அக்காகூடக் கத்தரிக்காயைத் திருப்பி வைத்துவிட்டார். நான்தான் செய்தேன், என் கையால் பிய்த்தேன் என்று சொல்ல நினைத்தேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புவனேஸ்வரன் அண்ணன்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை அக்கா. அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார். மகனின் பரீட்சைக்காக விரதம் இருக்கிறாராம்.

அதன்பிறகு இந்த வாரம் முழுக்கச் சீனர்கள் சிலரும், ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களும்தான் வாங்கினார்கள். தீபாவளிவரை கடையை மூடிவிடலாம் என்றார் அம்மா. மூடினால் செய்தது உண்மை என்று ஆகிவிடும் என்றார் அப்பா. தினமும் பெரட்டல் செய்யச் சொன்னார், தினமும் அதை நாங்களே சாப்பிட்டோம்.

இன்று மதியம் லூபோக் சீனா ஊரிலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் நாமம் போட்ட ஓர் அம்மா இறங்கினார். நீங்கள் அனுப்பிய கல்யாணப் படத்தில் பார்த்த முகம். உங்கள் மாமியார் கருப்பாயி அத்தை! பதிவுத் திருமணத்துக்கே போகாத அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வழக்கம்போல், "வாங்கம்மா, என்னா வேணும்?" என்றார்.

"அந்த ஆடு இருக்காப்பா?" என்று கேட்டார் அத்தை. நம் பெரட்டல் பேச்சு அவர் ஊர்வரை போயிருக்கிறது.

ராமையா அங்கிள் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். புவனேஸ்வரன் அண்ணன் சாலையைத் தாண்டி ஓடிவந்து, "பெரியம்மா, நாமம் போட்டுக்கிட்டு இங்க வாங்காதீங்க. அது நெஜக் கறி" என்றார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். தாப்பாவ் கட்ட வேண்டாம், இங்கேயே தட்டில் போடு என்று சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க நிதானமாகச் சாப்பிட்டார். கடைசித் துண்டையும் தின்றுவிட்டு, புவனேஸ்வரன் அண்ணனைக் கிட்டே கூப்பிட்டார்.

"பதினோரு மாசம் ஆடு திங்கிறவ நானு. ஆட்டுக்கறின்னா என் கடவாப் பல்லு சந்துல போயி ஒக்காந்துக்கும், பல்லு குத்துற குச்சி இல்லாம எந்திரிக்க மாட்டேன். இப்ப பாரு, ஒண்ணுமில்ல. கிட்ட வாடா, நல்லாப் பாரு" என்று வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

புவனேஸ்வரன் அண்ணன் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தை வாயை மூடிக்கொண்டு சொன்னதுதான் முக்கியம்:

"அதவிட, இது என் மருமக வீட்டுக் கடைடா. பொறக்கப்போற என் பேரப்பிள்ளைக்கு இவங்கதான் தாத்தா, பாட்டி. வெரதத்துல இருக்கிற சம்பந்திக்குக் கறியப் போடுவாங்களா? பேசுறான் பாரு!"

அப்பா கையில் சாம்பார்க் கரண்டி. ஊற்றிக்கொண்டிருந்த பை நிரம்பி, வழிந்து, மேசையெல்லாம் ஓடியது. அவர் கவனிக்கவே இல்லை. அம்மாதான் மெல்ல எழுந்து வந்து கரண்டியை வாங்கினார். எதிர்க்கடையிலிருந்து ஆட்கள் சாலையைத் தாண்டி வர ஆரம்பித்தார்கள். புவனேஸ்வரன் அண்ணன் அப்பாவைப் பார்க்காமல், "எனக்கு ரெண்டு கட்டுங்கண்ணே. கொஞ்சம் கூடவே வைங்க" என்று முனகினார். அப்பா கட்டிக் கொடுத்தார். யாரிடமும் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் அத்தையின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, தானே போய் இரண்டாம் முறை சோறு வைத்தார்.

கடை கட்டும்போது, குண்டானைக் கழுவிக்கொண்டே, அத்தையின் பக்கம் திரும்பாமல், "எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"ஆறு" என்றார் அத்தை.

"அவளும் கறி திங்கறதில்லையா?"

"நான் சொல்லலைங்க. புரட்டாசிக்கு மட்டும் அவளாத்தான் எனக்காக இருக்கா. ஞாயித்துக்கெழமயானா சர்ச்சுக்குப் போயிடுறா, என் மவன்தான் கொண்டுபோயி விடுறான்."

அப்பா நெடுநேரம் அந்தக் குண்டானையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நெத்திலி இல்லாம சோறு எறங்காதே அவளுக்கு" என்றார். எங்களிடம் சொல்லவில்லை, குண்டானிடம் சொன்னார்.

நாளைக் காலை பஸ்ஸில் அத்தை உங்களிடம் வருகிறார் அல்லவா? அதற்குமுன் உங்கள் செய்தியைத் தானே அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே வந்தாராம். இன்று இரவு நம் வீட்டிலேயே தங்குகிறார். அம்மா உங்கள் கட்டிலில் புதுப் போர்வை விரித்திருக்கிறார். இருவரும் சமையலறையில் சிரிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. அத்தைக்கு அம்மா புதுப் பாத்திரத்தில் காபி போட்டார். அத்தை அதைக் கவனித்துவிட்டு, "பழசுலயே போட்டுருக்கலாம்லா" என்றார்.

உங்களுக்குக் கொடுத்தனுப்ப நான் பெரட்டலைக் கிளறும்போது அப்பா வந்து பின்னால் நின்றார். "மொளகாய கொறச்சுப் போடு. புள்ளத்தாச்சிக்கு ஆவாது" என்றார். ஆறியதும் தானே டப்பாவில் அடைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"புடிக்கலன்னா சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அத்தை விடவில்லை. "யாருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்.

அப்பா வாசல்வரை போய்விட்டார். நின்றார். "கடை நம்பருக்குத்தான். வேற யாருகிட்ட சொல்லுவாங்க?" என்றார். பிறகு வேனைத் துடைக்கப் போனார்.

அக்கா, கடை நம்பருள்ள போன் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உங்களுக்கே தெரியும்.

இந்தக் கடிதத்தையும் டப்பாவோடு அத்தையிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பெரட்டல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் அப்பா "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவார். குறை சொல்கிறவர்களைத்தான் விடமாட்டார். எந்தத் துண்டு, எப்போது சாப்பிட்டீர்கள், சூடு பண்ணினீர்களா என்று அரைமணி நேரம் கேட்பார். அதனால் உப்பு குறைவு என்று சொல்லுங்கள். வேகவில்லை என்று சொல்லுங்கள். என் சமையல் மோசம் என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. நிறையக் குறை சொல்லுங்கள் அக்கா.

உங்களையும் மாமாவையும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
கிளாரிசா