மணி அடித்தால் வாயில் விரல்

அன்புள்ள அப்பாவுக்கு, சென்னையிலிருந்து அன்புக்கரசி. முட்டிவலி தேவலையா? சேவுகம்பட்டியில் மழை உண்டா? என் மகள் சஷ்டிகா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை.

போன வாரம் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். உரிமம் இருபது பிள்ளைகளுக்குத்தான். இருப்பதோ இரண்டு மடங்கு. வாசல் மணி அடித்ததும், நம்ம திண்டுக்கல்கார மேடம், "மிச்சப் பிள்ளைகள மாடிக்குக் கூட்டிட்டுப் போ. செத்த நேரம் சத்தமே வரக்கூடாது" என்று சொல்லி, எங்களை மாடி அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டார். ஜன்னல் இருந்தது, பயப்படாதீர்கள். வாயில் விரல் வைக்கும் விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். ஒன்றுகூட அழவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு அதிகாரிகள் போய்விட்டார்கள்.

இப்போது பால்காரர் மணி அடித்தாலும், அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வாயில் விரல் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சஷ்டிகா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றைக் கொடுத்து விடுங்கள். துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். ஒன்றே ஒன்று அப்பா: அவள் அழுதால், "ஏ புள்ள, சும்மா கெட" என்று அதட்டாதீர்கள். தெருவுக்கே கேட்கட்டும்.

அன்பு