அர்த்தம் அடுத்த கடிதத்தில்

மார்ச் 4

சிட்டு,

‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல என்று எழுதியிருக்கிறாய். நீ வீட்டுக்கு வருகிற மாதிரி என்று நேராகச் சொல்லியிருக்கலாமே! நிலா எங்கேயடி நீலமாக இருக்கும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சலவைக்கடையில் அதே யோசனையில் ஒரு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டேன். “உன் பொண்ணு இங்கிலீஷ் பேசுறதுக்கு என் கடைச் சட்டை ஏன்டி கருகணும்?” என்று முதலாளியம்மா கத்தினாள். போகட்டும், அடுத்ததை அனுப்பு.

அம்மா

மார்ச் 19

அம்மா,

போனில் பேசினாலும் கடிதத்தை விடாதே. எழுத்துக்கூட்டிப் படித்தவள் இப்போது சண்டையே எழுதுகிறாய்! ஆபீசில் போன் ஓயவில்லை. இந்த முறை: ‘ஐ ஆம் அண்டர் த வெதர்.’ யாரிடமும் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அர்த்தம் அடுத்த கடிதத்தில்.

சிட்டு

ஏப்ரல் 8

சிட்டு,

எனக்குப் பிடிபடவில்லை. சலவைத் துணி வாங்க வந்த டீச்சரம்மா, நான் அதை முணுமுணுப்பதைக் கேட்டு, “நான் சொல்லட்டுமா?” என்றார். “என் பொண்ணு சொல்லுவா, நீங்க சும்மா இருங்க” என்று காதைப் பொத்திக்கொண்டேன். போனில் உன் குரல் கம்முகிறது. கேட்டால் தூக்கக் கலக்கம் என்கிறாய். கடிதம் ஏன் இன்னும் வரவில்லை?

அம்மா

ஜூன் 2

சிட்டு,

நீ கண்ணை மூடி ஐந்து வாரம். எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது நீ பேசும் நிலையில் இல்லை.

இன்று உன் அறைத்தோழி உன் பெட்டியைக் கொண்டுவந்தாள். “மார்ச்சுலேர்ந்தே விட்டு விட்டுக் காய்ச்சல்ம்மா. அம்மாகிட்ட வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டா” என்று அழுதாள். பெட்டியில் உன் நோட்டு. எனக்கு அனுப்பிய இங்கிலீஷ் எல்லாம் வரிசையாக இருந்தது, பக்கத்திலேயே அர்த்தம். கடைசியாக அனுப்பியதற்கு நேரே, ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதியிருந்தாய்.

நோட்டை மூடினேன், திறந்தேன். தெருமுனை வரை நடந்தேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. டீச்சரம்மாவை அன்றைக்குச் சொல்ல விட்டிருந்தால் அப்படியே பஸ் ஏறியிருப்பேன்.

போனில் மறைத்தவள் கடிதத்தில் ஏன் எழுதினாய்? நான் எப்படியும் யாரிடமாவது கேட்டுவிடுவேன் என்று நினைத்தா, கேட்கவே மாட்டேன் என்று நம்பியா?