தொட்டி என்றுதானே சொன்னாய்

மாமா,

இன்று சாயந்திரம் நம் மகள் இங்கிலாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிற கோயிலைக் காட்டினாள். பீடம், ஜன்னல் எல்லாவற்றையும் வேகமாகக் காட்டிவிட்டு ஓரிடத்தில் போனை அசையாமல் பிடித்தாள். எட்டுப் பட்டை வைத்த கல்தொட்டி, ஞானஸ்நானத் தண்ணீர் வைப்பது.

"இது இந்தக் கோயிலோட தொட்டி இல்லியாம், அம்மா. அந்தக் காலத்துல இந்த ஊர்ல நெறைய கோயில் இருந்துச்சாம். எல்லாம் இடிஞ்சி பூட்ச்சாம். இதுல எங்கியோ ஒரு பண்ணையில மாடு தண்ணி குடிச்சிக்கினு இருந்துதாம். கண்டுபுடிச்சி எடுத்தாந்து வெச்சிக்கிறாங்க" என்றாள். "சிக்னல் சரியில்லடி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை.

யார் ஊரிலோ தொலைந்த தொட்டியெல்லாம் திரும்பி வருகிறது. நம்முடையது வரவில்லையே மாமா!

நம் பழைய ஓட்டுக் கோயிலில், வாசலுக்கு இடப்பக்கம் நின்றது நம் கல்தொட்டி. அதை அடித்த கல்தச்சர் சிவன் கோயில் வேலைக்காரர். சிலுவை செதுக்கச் சொன்னால், கை பழகிய தோஷம், கீழே ஒரு தாமரையையும் வைத்துவிட்டார். அதில்தான் நம் தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அவனைப் புதைத்த மேட்டையும் ஏரி உடைந்த வருஷம் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிற்று. அவன் பெயரை ஊர் கேட்கச் சொன்ன இடம் என்று மிஞ்சியது அந்தத் தொட்டி ஒன்றுதான். பூசை முடிந்து எல்லாரும் வெளியே போனபிறகு அதன் விளிம்பை நீ தடவிக்கொண்டு நிற்பாய்.

"இன்னா மாமா, தூசி தொடைக்கிறியா?" என்பேன்.

"ஆமா, தூசி" என்பாய்.

புதுக்கோயில் கட்டப் பழையதை இடித்த அன்று உன்னைத்தான் காவலுக்கு நிறுத்தினார்கள். ஜேசிபி ஓட்ட வந்த பையன் வெளியூர், நம் கோயிலுக்குள் கால் வைத்தவனில்லை. "தம்பி, தொட்டிய மட்டும் உஷாரா எடுத்து ஓரமா வெச்சிடு" என்று சொல்லிவிட்டு, வேலையாட்களுக்கு டீ வாங்கப் போனாய். திரும்பி வந்தால், வேப்பமரத்தடியில் நிற்கிறது, கோயிலுக்குப் பின்பக்கம் கிடந்த, ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி! கல்தொட்டி இடிபாட்டோடு லாரியில் போய்விட்டது.

"நீ தொட்டின்னுதானே சொன்ன அண்ணே? தோ கீது பாரு, ஒரு கீறல் இல்ல" என்றான் அவன். பாவம், பாராட்டுவாய் என்று நினைத்தானாம். அவனை என்னவென்று திட்டுவது? நாமும் அதைத் தொட்டி என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

லாரிக்காரன் அந்த மண்ணைத் திருப்புலிவனம் ரோட்டோரம் மனை போட்ட பள்ளத்தில் கொட்டியிருந்தான். நீ சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அதைச் சமப்படுத்தியும் விட்டார்கள். விடாமல் கடப்பாரையோடு போய்க் குத்திப் பார்த்தாய். வாட்ச்மேன் விரட்டினான், மறுபடியும் போனாய். இன்றைக்கு அங்கே வரிசையாக வீடுகள். பஸ்ஸில் போகும்போது, யார் வீட்டு அடுப்படிக்குக் கீழே கிடக்கிறதோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

புதுக்கோயிலுக்குள் நீ நுழையவே இல்லை. பூசை நேரம் முழுக்க வாசலில் நிற்பாய். "உள்ள வா மாமா, ஃபேன் கீது" என்றால், "இங்கியே காத்து நல்லா வர்து" என்பாய். சாமியாரோடு உனக்கு ஏதோ சண்டை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கல்லவா தெரியும்! கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, யாருமே கேட்காமல், "புள்ளைய ரெண்டாவது தபா பொதைச்சிட்டேன்டி" என்றாய். நான் உன் வாயைப் பொத்தினேன். மறுநாளே நீயும் போய்விட்டாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் மறுபடி கூப்பிட்டாள். "இங்க குளுரு கொல்லுதும்மா. அந்தத் தொட்டித் தண்ணியில கைய வெச்சா ஐஸா கீது. புள்ள தாங்குவானா?" என்றாள்.

மார்கழிக் காலை ஒன்று கண்முன்னே வந்து நின்றது மாமா. நம் தலைச்சனுக்கு ஊற்றத் தண்ணீரில் கையை விட்ட சாமியார் அப்படியே நின்றுவிட்டார். "யாருய்யா இதுல சுடுதண்ணி ஊத்தினது?" நீ டீக்கடை ஃப்ளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான்தான் சாமி. புள்ளைக்குக் குளுருமே" என்றாய். கோயிலே சிரித்தது. தலையில் தண்ணீர் விழுந்தபோது அவன் அழவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நீ யாரையும் இரண்டாம் முறை புதைக்கவில்லை மாமா. தொலைந்தது கல். அவன்மேல் விழுந்த அந்தச் சூடு என்னிடம் இருக்கிறது.

"ஃப்ளாஸ்க்குல சுடுதண்ணி எடுத்துக்கினு போடி" என்று மகளிடம் சொன்னேன். "யாரு ஊத்துனதுன்னு சாமியாரு கேட்டா, எங்க அப்பா ஊத்தச் சொன்னாருன்னு சொல்லு."